குடிக்காமல் வைத்த காப்பி

குவைத்
14-2-1985

அன்புள்ள பிரபாவுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால், ஆறே மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒரு வருஷமாகியும் ஏன் அல் ஐனுக்குத் திரும்பவில்லை என்று பதில் எழுதுவாய். அதனால் அந்த வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன்.

முதலில் காரியம். என் பாஸ்போர்ட் இன்னும் முதலாளியின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. கேட்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. முதலாளி அபூ நாசர் தேர்தலில் நிற்கிறார்.

அரபு நாட்டில் ராஜாதானே, அங்கே என்ன தேர்தல் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். ராஜா உண்டு, அமீர் என்று பெயர். பிரதமரை அவர்தான் நியமிக்கிறார். ஆனால் அரசியல் சட்டம் என்று ஒரு புத்தகமும் இருக்கிறது. அதன்படி ஜனங்கள் ஐம்பது பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு சபைக்கு அனுப்பலாம். அந்த ஐம்பது பேர் மந்திரியை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கலாம். மந்திரி பதில் சொல்லியாக வேண்டும். தொந்தரவு தாங்காவிட்டால் அமீர் சபையைக் கலைத்துவிடலாம். ஆனால் இரண்டு மாதத்துக்குள் மறுபடி தேர்தல் வைக்க வேண்டும். கட்சி கிடையாது, சின்னம் கிடையாது. வீட்டு முகப்பில் திவானியா என்று ஒரு பெரிய ஹால் வைத்திருக்கிறார்கள். ஆம்பிளைகள் அங்கே வந்து சுவரோரமாக உட்கார்ந்து காப்பி குடித்தபடி பேசுகிறார்கள். தேர்தல் முழுக்க அங்கேதான்.

அறுபத்தேழில் அம்பாசமுத்திரத்தில் ஒரு சுயேச்சைக்கு மைக் பிடித்து, அவரை டெபாசிட் இழக்க வைத்தவன் நான். சும்மா இருக்க முடியுமா? சால்மியா கடைத்தெருவில் ஒரு மலையாளியிடம் சொல்லி ஆளுயரக் காகித மாலை செய்து, திவானியாவில் நாற்பது பேர் முன்னால் அபூ நாசர் கழுத்தில் போட்டேன். ஹால் அப்படியே அமைதியாகிவிட்டது. ஒரு கிழவர், இது மூன்றாவது கல்யாணமா நாலாவதா என்று விசாரித்தார். அபூ நாசர் பெருந்தன்மையான மனுஷர், கால் மணி நேரம் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அங்கே எனக்கு ஒரே தொல்லை அந்தக் காப்பிதான். நாற்பது பேருக்கு ஆறே கிண்ணம். இவர் குடித்த கிண்ணத்தில் அவருக்கு, அவர் குடித்ததில் இவருக்கு. என்னைப் பற்றி உனக்குத் தெரியும். காப்பி ஊற்றுகிற மீரா சாகிப் காயல்பட்டினத்துக்காரர். என் அவஸ்தையைப் பார்த்து எனக்கு மட்டும் தனிக் கிளாசில் டீ கொண்டுவந்து கதவோரம் தருகிறார்.

தேர்தல் முடியட்டும், கேட்டுவிடுகிறேன்.

உன்
கல்யாணசுந்தரம்


அல் ஐன்
6-3-1985

அத்தானுக்கு,

கடிதம் வந்தது. நாலு பக்கம். பாஸ்போர்ட்டுக்கு மூன்று வரி.

அந்த ஐம்பது பேரைத் தேர்ந்தெடுக்கும் ஜனங்களில் பெண்கள் உண்டா என்று எங்கள் ஸ்கூலில் குவைத்திலிருந்து வந்த டீச்சரிடம் கேட்டேன். இல்லையாம். அப்படியானால் அது நம் வீட்டு ஜனநாயகம் மாதிரிதான். நீங்கள் குவைத்துக்குப் போவதென்று தீர்மானம் போட்டபோது எனக்கும் ஓட்டு இருக்கவில்லை.

இங்கே எமிரேட்சில் தேர்தல் இல்லை. ஏழு ஊருக்கு ஏழு ஆட்சியாளர்கள், அவர்கள் சேர்ந்து ஒரு மேல்சபை. நாற்பது பேர் கொண்ட ஆலோசனைச் சபையும் உண்டு. அவர்களை நியமிப்பதும் அந்த ஏழு பேர்தான். அரசியல் சட்டமே தற்காலிகம் என்று சமூகவியல் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறார்கள், நம் விசா மாதிரி. ஆனால் யார் வேண்டுமானாலும் ஆட்சியாளர்கள் ஜனங்களைப் பார்க்கும் மஜ்லிசுக்குப் போய்க் குறையைச் சொல்லலாம் என்கிறார்கள். சொன்னவர்களுக்குக் காரியம் நடந்திருக்கிறது.

ஜெயபாரதிக்குப் பன்னிரண்டு வயது. ஸ்கூல் படிவத்தில் தகப்பனாரின் விலாசம் என்ற இடத்தில் "Abroad" என்று எழுதிவைத்திருக்கிறாள். நாம் இருப்பதே வெளிநாடு. அதற்கும் வெளியே ஓர் இடம் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

தேர்தல் முடிந்திருக்கும். கேளுங்கள்.

பிரபாவதி


குவைத்
2-10-1985

அன்புள்ள பிரபா,

ஏழு மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். போனில் பேசியதைக் கணக்கில் சேர்க்க மாட்டாய். போனில் நீ பேசவும் இல்லை, மூச்சு மட்டும் விட்டாய்.

முதலாளி ஜெயித்துவிட்டார். ஓட்டு எண்ணிக்கையில் இரண்டாவதுதான். ஆனால் இங்கே ஒரு தொகுதிக்கு இரண்டு பேர், அதனால் இரண்டாவதாக வந்தவரும் ஜெயித்தவரே. இந்த ஏற்பாடு அம்பாசமுத்திரத்தில் இருந்திருந்தால் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு நம் ஆள் நாலாவதாக வந்தது ஞாபகம் வந்தது.

இப்போது நான் வெறும் பாத்ரூம் ஓடு, குழாய் இறக்குமதிக் கம்பெனியின் டைப்பிஸ்ட் இல்லை. மந்திரியைக் கேட்க வேண்டிய கேள்விகளுக்காக இங்கிலீஷ் அறிக்கைகளைப் படித்து முதலாளிக்குச் சுருக்கிச் சொல்வது என் வேலை. துறைமுகத்தில் கப்பல் ஏன் காத்துக் கிடக்கிறது, தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தை ஏன் இவ்வளவு தாமதமாகக் கட்டுகிறார்கள். நான் தேடிக் கொடுத்த விவரத்தை வைத்து அவர் சபையில் எழுந்து கேட்டார், மந்திரி எழுந்து பதில் சொன்னார். சின்ன ஊர் கிளார்க் ஒருத்தன் ஒரு நாட்டின் மந்திரியை எழுப்பிவிட்டான். நீ பார்த்திருக்க வேண்டும்.

பாஸ்போர்ட் விஷயமாக மூன்று தடவை அவர் அறைக்குப் போனேன். மூன்று தடவையும் வாயைத் திறந்தேன். முதல் தடவை துறைமுக அறிக்கை கொடுத்தார். இரண்டாவது தடவை தண்ணீர் அறிக்கை. மூன்றாவது தடவை நான் கேட்பதற்கு முன்பே, என்னவோ சொல்ல வந்தாயே என்று கேட்டார். ஏ.சி. சத்தம் போடுகிறது என்று சொன்னேன். மறுநாள் புது ஏ.சி. போட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட மனுஷரிடம் எப்படிப் போகிறேன் என்று சொல்வது?

உன்
கல்யாணசுந்தரம்


அல் ஐன்
21-11-1985

அத்தானுக்கு,

ஏ.சி. நன்றாக ஓடுகிறதா?

நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரிந்துவிட்டதால் நான் கேட்கப் போனேன். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சீதாலட்சுமி மேடம் துணைக்கு வந்தார். இங்கே ஒரு பெரிய வீட்டு அம்மாள் வாரத்துக்கு ஒரு நாள் பெண்களுக்கென்று மஜ்லிஸ் வைக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் முப்பது பெண்கள். ஒருத்திக்கு வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. இன்னொருத்தியின் மகனை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். மனுவெல்லாம் இல்லை, வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்போது அம்மாள் முகத்தை நேராகப் பார்க்கிறார். அதுதான் கஷ்டம்.

காப்பி வந்தது. ஒரே கிண்ணம்தான் சுற்றி வந்தது. குடித்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை.

என் முறை வந்ததும், என் கணவருக்கு இந்த ஊரில் ஒரு வேலை வேண்டும் என்றேன். என்ன வேலை தெரியும் என்று கேட்டார். குழாய் தெரியும், இங்கிலீஷ் டைப் தெரியும், ஆள் நேர்மை என்றேன். பேசுவாரா என்றார். மற்றதெல்லாம் பேசுவார் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டுச் செயலாளரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

நடக்குமா தெரியாது. ஆனால் நான் கேட்டுவிட்டேன்.

பிரபாவதி


குவைத்
19-1-1986

அன்புள்ள பிரபா,

உன் கடிதத்தை மீரா சாகிப்புக்குப் படித்துக் காட்டினேன். "அண்ணாச்சி, ஒங்க வீட்டம்மாவ எலக்சன்ல நிறுத்துனா நம்ம எல்லாருக்கும் அக்காமா வாங்கித் தந்துருவாவ" என்கிறார். அக்காமா என்றால் இங்கே தங்குவதற்கான அனுமதி. நான் சிரித்தேன், உள்ளுக்குள் சிரிக்கவில்லை.

ஒரு சந்தேகம். உங்கள் மஜ்லிசில் அந்த அம்மாள் நல்லவர், சரி. நல்லவராக இல்லாவிட்டால்? இங்கே மந்திரிக்குப் பதில் சொல்ல இஷ்டம் இல்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும். அது சட்டம். கருணையை நம்பி நிற்பதும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதும் ஒன்றா?

உன் பதில் எனக்கே தெரியும். கையில் சட்டம் இருந்தும் வாயைத் திறக்காதவரைப் பற்றி என்ன சொல்வது என்று எழுதுவாய். எழுத வேண்டாம். முதலாளி பட்ஜெட் கூட்டத்தொடருக்குத் தயார் செய்கிறார். அது முடிந்ததும் கேட்கிறேன். அடுத்த இரண்டு மாதத்துக்கு இந்த விஷயத்தை எழுப்பாதே.

உன்
கல்யாணசுந்தரம்


அல் ஐன்
10-5-1986

அத்தானுக்கு,

இரண்டு மாதம் கேட்டீர்கள். நாலு மாதம் தந்திருக்கிறேன்.

வேலை கிடைத்துவிட்டது. ஊர்ப் பூங்காக்களுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் கம்பெனி. ஆபீஸ் நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். விசாவுக்கு அவர்களே எழுதித் தருகிறார்கள். ஒரே நிபந்தனை, செப்டம்பர் முதல் தேதி வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். குவைத் விசாவை ரத்து செய்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான் பாக்கி. உங்கள் சபையின் முறைப்படியே இனி கேட்கிறேன்:

உறுப்பினர் பிரபாவதி: குடும்பத் தலைவர் அவர்கள் தம் பாஸ்போர்ட்டைக் கேட்டாரா? இல்லையென்றால் ஏன் இல்லை? எந்தத் தேதியில் கேட்பார்?

துணைக் கேள்வி, உறுப்பினர் ஜெயபாரதி: Is he coming or not?

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அடுத்தது நம்பிக்கையில்லாத் தீர்மானம்தானே?

பிரபாவதி


குவைத்
9-7-1986

அன்புள்ள பிரபா,

பேப்பரில் பார்த்திருப்பாய். மூன்றாம் தேதி அமீர் சபையைக் கலைத்துவிட்டார். இரண்டு மாதத்தில் மறுபடி தேர்தல் என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, சட்டத்தில் அந்தப் பகுதியையும் சேர்த்து நிறுத்திவைத்துவிட்டார்கள். பத்திரிகைகளை அச்சுக்குப் போவதற்கு முன் படித்துப் பார்க்கிறார்களாம். இந்தக் கடிதத்தையும் யாராவது படித்தால், ஐயா, இது புருஷன் பெண்டாட்டி சண்டை, ராஜாங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

உன் கேள்விக்கு ஜூன் கடைசியில் பதில் தயாராக வைத்திருந்தேன். நம்பு. ஒன்றாம் தேதி சட்டையை இஸ்திரி போட்டு, என்ன பேசுவது என்று அரபியில் ஒரு சீட்டில் எழுதிவைத்தேன். மூன்றாம் தேதி இப்படி ஆகிவிட்டது.

அபூ நாசரைப் பார்க்கச் சகிக்கவில்லை. திவானியாவில் நாற்பது பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஏழெட்டுப் பேர். காரியம் ஆக வேண்டும் என்று வந்துகொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் ஒரே நாளில் வேறு வேலை வந்துவிட்டது. மனுஷர் தினமும் சுத்தமாக உடுத்திக்கொண்டு அதே இடத்தில் உட்காருகிறார். சபையில் கேட்க வைத்திருந்த பதினொரு கேள்விகளின் கட்டு என் மேஜையில்தான் இருக்கிறது. எடுத்து வைக்கவும் சொல்லவில்லை, கிழிக்கவும் சொல்லவில்லை. எல்லாரும் போய்விட்டார்கள் என்று உட்கார்ந்திருப்பவரிடம் போய், நானும் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

கோழை என்பாய். இருக்கட்டும். இந்த ஒரு தடவை அது கோழைத்தனம் மட்டும் இல்லை.

உன்
கல்யாணசுந்தரம்


அல் ஐன்
19-7-1986

அத்தானுக்கு,

அவருக்காக எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஜெயித்து வந்த மனுஷரைக் கேட்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர் கேள்வி கேட்டார். நீங்களோ அவர் நன்றாக இருந்தபோதும் கேட்கவில்லை, நொந்திருக்கும்போதும் கேட்கவில்லை. எப்போதுதான் கேட்பீர்கள்?

இதனுடன் இன்னோர் உறை வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது. அபூ நாசருக்கு இங்கிலீஷில் நான் எழுதிய கடிதம். ஆகஸ்ட் மூன்றாம் தேதி வரை உங்களுக்கு நேரம். அதற்குள் நீங்களே கேட்டுவிட்டால் இந்த உறையைப் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் இதன் நகலை நாலாம் தேதி நேராக உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புவேன்.

உங்கள் ஆபீசுக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களை அவருக்குப் படித்துச் சொல்வது யார் என்று எனக்குத் தெரியும். அவர் முன்னால் நின்று, "என் கணவர் உங்களை மதிக்கிறார்; அதைவிட அதிகமாக உங்களுக்குப் பயப்படுகிறார்" என்ற வரியை நீங்களே மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். அடுத்த பாராவில் ஏ.சி. விஷயமும் இருக்கிறது.

பிரபாவதி


குவைத்
4-8-1986

என் அன்பு பிரபாவுக்கு,

நகலை அனுப்பாதே. அனுப்பியிருந்தால் போஸ்ட்மேனைத் துரத்திப் பிடி. கேட்டுவிட்டேன். நேற்றுத்தான், மூன்றாம் தேதியே, உன் கெடு தப்பவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் ஒரு கையெழுத்துக்காக திவானியாவுக்குப் போனேன். எட்டுப் பேர்தான் இருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்து, ஃபைலை அப்புறம் பார்க்கலாம், உட்கார் என்றார். இரண்டரை வருஷத்தில் அந்த ஹாலில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவர் மச்சினரே கெண்டியை எடுத்துக் காப்பி ஊற்றினார். என் கையிலும் ஒரு கிண்ணம் வந்தது.

இங்கே ஒரு பாலைவனத்து வழக்கம் இருக்கிறது. விருந்தாளி தன் காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டால், இந்த வீட்டில் ஒரு பெரிய காரியம் கேட்க வந்திருக்கிறேன், நீ சரி என்று சொல்லும்வரை குடிக்க மாட்டேன் என்று அர்த்தம். வீட்டுக்காரர் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டு, முடியாது என்று சொல்வது அந்த வீட்டுக்கே இழிவு. அது அவர்களுடைய எழுதாத அரசியல் சட்டம்.

உன் புருஷன் என்ன செய்தான் தெரியுமா? கிண்ணத்தை வாங்கினான். எல்லாரும் பார்க்கும்படி முன்னால் கம்பளத்தில் வைத்தான். தொடவில்லை. கூடம் அமைதியாகிவிட்டது, காகித மாலை போட்ட அன்று போல. அபூ நாசர் என் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொல்லு" என்றார்.

என் சம்சாரமும் மகளும் அல் ஐனில் இருக்கிறார்கள், அங்கே வேலை இருக்கிறது, நீங்கள் இப்படி இருக்கும்போது போகிறேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை, ஆனால் போக வேண்டும் என்றேன். அரபியில் பாதி, இந்தியில் பாதி, இங்கிலீஷில் மீதி.

அவர் கையால் கிண்ணத்தைக் காட்டினார். பிறகு சொன்னார்: "காப்பியைக் குடி. கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது."

விசா ரத்து வேலை இன்று தொடங்கிவிட்டது. உன் உறையைப் பிரிக்கவில்லை. எப்படி என் தந்திரம்? இங்கே இருந்து சும்மா இருக்கவில்லை, ஊர் வழக்கத்தை எல்லாம் கரைத்துக் குடித்திருக்கிறேன்.

வீரத்துடன்
கல்யாணசுந்தரம்


அல் ஐன்
13-8-1986

அத்தானுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். அதை ஜெயபாரதி பார்த்துவிட்டாள், உங்களிடம் சொல்லிவிடுவாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது தடவை படிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. நீங்கள் தந்திரமாகக் காப்பியைக் கீழே வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வழக்கம் இரண்டரை வருஷமாகத் தெரிந்திருந்தால் அதை வைத்தே எட்டுக் கடிதம் எழுதியிருப்பீர்கள். நீங்கள் அப்படித் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கிற ஆள் இல்லை. அதனால் கேட்கிறேன். தந்திரமா, எச்சிலா?

நம் கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுத்தார்கள். என் அத்தை அவசரத்தில் முறை தவறி முதலில் எனக்குக் கொடுத்துவிட்டாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுத் தந்த டம்ளரை நீங்கள் வாங்கி, உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அப்படியே மணைக்குப் பின்னால் வைத்துவிட்டீர்கள். நீங்கள் குடித்துவிட்டதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். நான் பார்த்தேன். அதை இதுவரை கேட்டதில்லை. எனக்கும் கேட்க வராத கேள்வி ஒன்று இருந்திருக்கிறது.

அபூ நாசர் வீட்டு வழக்கப்படி பார்த்தால், அன்றைக்கு நீங்கள் என்னிடம் என்ன கேட்க வந்தீர்கள் என்று பத்தொன்பது வருஷமாகத் தெரியவில்லை.

பிரபாவதி


குவைத்
22-8-1986

பிரபா,

எச்சில்தான்.

என்னை உட்காரச் சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையில் கிண்ணம் வந்தபோது அதே கிண்ணத்தில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்தேன். மாலை போட்ட அன்று மூன்றாவது கல்யாணமா என்று கேட்டாரே, அவரேதான். மரியாதைக்கு வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். ஆறிய பிறகு மீரா சாகிப் எடுத்துப் போய்விடுவார் என்று கணக்கு. கூடம் ஏன் அமைதியானது என்று புரியவே இல்லை. பேரீச்சம்பழத் தட்டைக் கொண்டுவருவது போல வந்த மீரா சாகிப் காதில் சொன்னார்: "அண்ணாச்சி, என்ன செஞ்சிட்டிய. குடிக்காம வச்சா பெரிய காரியம் கேக்க வந்திருக்கியன்னு அர்த்தம். ஒண்ணு இப்பக் கேளுங்க, இல்லேன்னா எடுத்துக் குடிச்சிருங்க."

எடுத்துக் குடித்திருக்கலாம். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சிரித்திருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அபூ நாசர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ எழுதியிருந்தாயே, முகத்தை நேராகப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று. உன் உறையின் மூலை சட்டைப் பையில் நெஞ்சைக் குத்திக்கொண்டிருந்தது. குடி என்று அவர் சொன்ன பிறகும், உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டு மீரா சாகிப்பிடம் கொடுத்துவிட்டேன். கிண்ணம் வைத்தது தவறுதான், பிரபா. ஆனால் கேட்டது நான். அதில் மட்டும் கை வைக்காதே.

நேற்று விடைபெறப் போனேன். பாஸ்போர்ட்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார். பொய்யோடு போக மனசில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன். வழக்கம் தெரியாது, எச்சில் பார்க்கிற ஊரில் பிறந்தவன், அதுதான் காரணம் என்றேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று பாஸ்போர்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் சொன்னேன்.

வாங்கிக்கொள்ளவில்லை. கிண்ணம் என் வீட்டில் வைக்கப்பட்டது, நான் வாக்குக் கொடுத்தேன், எதற்காக வைத்தாய் என்பது உன் பாடு என்றார். பிறகு சொன்னது இது: "மந்திரி எனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று ஒன்றரை வருஷம் சபையில் சத்தம் போட்டேன். அதே ஒன்றரை வருஷம் என் மேஜைக்கு முன்னால் நீ ஒரு கேள்வியோடு நின்றிருக்கிறாய். ஏ.சி. மாற்றிக் கொடுத்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். ஜூலை மூன்றாம் தேதிக்குப் பிறகு அவர் சிரித்ததை நேற்றுத்தான் பார்த்தேன்.

என் மேஜையில் இருந்த பதினொரு கேள்விகளையும் டைப் அடித்து, தேதி போடாமல், நூல் கட்டி அவரிடம் கொடுத்தேன். தேதியை என்றைக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்றேன். சபையைப் பூட்டினாலும் திவானியா திறந்தே இருக்கிறது. நேற்று பதினேழு பேர் இருந்தார்கள், எண்ணினேன். கட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியை அவர்களுக்கு வாசித்தார்.

அப்புறம் அவரே கெண்டியை எடுத்தார். ஒரு கிண்ணம் ஊற்றித் தான் குடித்தார். அதே கிண்ணத்தில் மறுபடி ஊற்றி என்னிடம் நீட்டினார். அந்தக் கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார். மீரா சாகிப் பார்த்துக்கொண்டிருந்தார். குடித்தேன். ஏலக்காய் வாசம், கசப்பு. கீழே இறங்கிவிட்டது. போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டுமாம். அது தெரியாமல் ஐந்து கிண்ணம் குடித்துவிட்டேன். நீ சொன்னது சரி, ஒன்றும் ஆகிவிடவில்லை.

வியாழக்கிழமை, இருபத்தெட்டாம் தேதி, அபுதாபியில் இறங்குகிறேன். அங்கிருந்து டாக்சி. ஒருவேளை இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிட்டால், இது வந்து நீ படித்து முடிக்கும்வரை என்னை வாசலிலேயே நிறுத்திவை. உன் உறை ஒட்டியபடியே பெட்டியில் இருக்கிறது. ஜெயபாரதியிடம் அந்தப் படிவத்தை வாங்கி, விலாசத்தைத் திருத்தி எழுதச் சொல்.

பத்தொன்பது வருஷக் கேள்விக்கு இதுதான் பதில். அன்றைக்கு உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இருபத்தெட்டு வயது முட்டாள், எல்லாம் கிடைத்துவிட்டதாக நினைத்தான். இப்போது கேட்கிறேன். பால் காய்ச்சி வை. ஒரு வாய் நீ குடித்துவிட்டு வை.

டம்ளரைக் கழுவ வேண்டாம்.

உன்
கல்யாணசுந்தரம்